'டென்ஷன் ஆகாதீங்க' என்பது மருந்துச் சீட்டா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் நோய் எதிர்ப்புச் சக்தி பற்றி மருத்துவர் எழுதிய கட்டுரையை வாசித்தேன். மூச்சுப் பயிற்சி, எட்டு மணி நேரத் தூக்கம், மனசை லேசாக வைத்துக்கொள்வது எல்லாம் சரி. ஆனால் யாருக்கு மன அழுத்தம் அதிகம், ஏன் அதிகம் என்ற பக்கமே கட்டுரை போகவில்லை.

ஏழைக்குச் சத்தான சாப்பாடு இல்லை, அதனால் நோய் வருகிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது பாதி உண்மைதான். பிரிட்டனில் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில் இருந்தவர்கள் யாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்ல, மாதச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர்கள். அங்கேயும் உயர் அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்கள் இதய நோயில் இறப்பது சுமார் மூன்று மடங்கு. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் அந்த இடைவெளியில் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985-இல் தொடங்கிய அடுத்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: தன் வேலையில் தனக்கு எந்தப் பிடியும் இல்லாதவருக்கே இதய நோய் அதிகம். பெரிய பதவியில் இருப்பவருக்குத்தான் டென்ஷன் என்று நாம் பேசிக்கொள்வதற்கு இது நேர் எதிர்.

சாதாரண ஜலதோஷத்திலும் இதே கதைதான். அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹனின் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 193 பேரிடம் ஓர் ஏணிப் படத்தைக் காட்டி, சமூகத்தில் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்டார்கள். அப்புறம் மூக்கில் வைரஸ் சொட்டு விட்டு, சில நாள் தனியாக வைத்துக் கவனித்தார்கள். மூக்கைச் சிந்திப் போட்ட தாளை எடை போட்டுச் சளியை அளக்கும் அளவுக்குக் கவனிப்பு! கீழ்ப்படியைக் காட்டியவர்களுக்கே ஜலதோஷம் அதிகம் பிடித்தது. உண்மையான வருமானத்தையும் படிப்பையும் கணக்கில் எடுத்த பிறகும் முடிவு மாறவில்லை.

இது எப்படி நடக்கிறது? மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன், அழற்சியை (கிருமியையோ காயத்தையோ எதிர்த்து உடலில் உண்டாகும் வீக்கம், சூடு) அடக்கிவிட்டு ஓய வேண்டியது. வாடகை, கடன் தவணை, நாளைக்கு வேலை உண்டா என்ற பயம் மாதக்கணக்கில் நீடித்தால், எதிர்ப்புச் செல்கள் அதன் பேச்சைக் கேட்பதையே விட்டுவிடுகின்றன. அழற்சி அடங்காமல் உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கிறது, ரத்தக் குழாயையும் கெடுக்கிறது.

இது மீளாத விதியும் அல்ல. 2016-இல் வெளியான குரங்கு ஆய்வொன்றில், கூட்டத்தில் ஒரு பெண் குரங்கின் படிநிலையை மாற்றியதும் அதன் எதிர்ப்புச் செல்களில் மரபணுக்கள் இயங்கும் விதமும் மாறியது.

நான் ஷிப்ட் வேலை பார்ப்பவன். மறுநாள் காலையா, இரவா என்பது முந்தின நாள் இரவு மொபைலில் செய்தி வந்தால்தான் தெரியும். வந்த பிறகும் மாறும். இதில் எட்டு மணி நேரத் தூக்கத்தை எந்தப் பக்கம் வைப்பது? அடுத்த முறை அந்த மருத்துவர் எழுதும்போது, வேலை நேரத்தைத் தீர்மானிக்கும் முதலாளிகளுக்கும் அவரிடம் நாலு அறிவுரை கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்