நாயோடு ரெட்வுட் காட்டுக்குக் கிளம்பும் பே ஏரியா தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சென்ற தீபாவளிக்கு ஃப்ரீமாண்டில் ஒரு நண்பர் வீட்டு பாட்லக்கில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி ஒருவர் ரொம்பச் சாதாரணமாக ஒரு யோசனை சொன்னார். "ஆன்லைன்ல சர்வீஸ் டாக் வெஸ்ட் கிடைக்குது அக்கா. அதை மாட்டிவிட்டா எந்த டிரெயில்ல வேணும்னாலும் நாயைக் கூட்டிட்டுப் போகலாம். ஒருத்தரும் கேக்க மாட்டாங்க." சர்வீஸ் டாக் என்றால் மாற்றுத்திறனாளிக்கு உதவப் பயிற்சி பெற்ற நாய், வெஸ்ட் அதற்கு அடையாளமாக மாட்டும் மேலாடை. ரெட்வுட் பூங்கா நடைபாதைகளில் மற்ற நாய்களுக்கு அனுமதி இல்லை. சுற்றியிருந்தவர்களில் மூன்று பேர் உடனே போனை எடுத்தார்கள். என் வாயில் குலாப் ஜாமூன் இருந்தது, பதில் சொல்ல முடியவில்லை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

என்னிடம் 17 அடி டிரெய்லர் ஒன்றும், காப்பகத்திலிருந்து எடுத்து வந்த சுண்டல் என்கிற நாய் ஒன்றும் இருக்கின்றன. நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். வானுயர்ந்த மரங்கள் நிற்கும் வட கலிஃபோர்னியாவின் ரெட்வுட் காட்டுக்கு நான்கு முறை போய்வந்திருக்கிறேன், நான்கு முறையும் நாங்கள் இருவர் மட்டும்தான். இதில் ஒரு வேடிக்கை, அங்கே எல்லோரும் பார்க்கப் போகும், சுவரெல்லாம் ஃபெர்ன் செடி படர்ந்த ஃபெர்ன் கேன்யன் பள்ளத்தாக்கை நான் இன்னும் பார்த்ததில்லை. அங்கே போகும் டேவிசன் சாலையில் டிரெய்லருக்கு அனுமதி இல்லை. சரி, டிரெய்லரைக் கேம்ப்கிரவுண்டில் விட்டுவிட்டு வண்டியில் மட்டும் போகலாம் என்றால், நடைபாதையில் நாய்க்கு அனுமதி இல்லை. நாயைத் தனியே விட்டுவிட்டுப் போகவும் கூடாது. ஜோடியாக வருகிறவர்கள் ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள மற்றவர் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். தனியாள் என்ன செய்வது?

முதல் தடவை எனக்கும் கோபம் வந்தது, மறைக்கவில்லை. 101 நெடுஞ்சாலையில் 300 மைலுக்கு மேல் ஓட்டி வந்திருக்கிறேன். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் 55 மைல் வேகம்தான். இருவழிச் சாலையில் பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது சட்டம். லெகெட் ஊரைத் தாண்டிய வளைவுகளில் ஒதுங்கி ஒதுங்கியே அரை நாள் போய்விட்டது. இவ்வளவு பாடுபட்டு வந்து, நடைபாதை வாசலில் குறுக்குக் கோடு போட்ட நாய்ப் படத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

எரிச்சல் தணிந்தது எல்க் பிரெய்ரி கேம்ப்கிரவுண்டில், மறுநாள் காலை. பனிமூட்டத்தில் எல்க் மான் கூட்டம் ஒன்று மேய்ந்தபடியே கூடாரங்களை நோக்கி வந்தது. ரூஸ்வெல்ட் எல்க் என்பது நம் ஊர்ப் புள்ளிமான் இல்லை, ஆண் 400 கிலோவைக்கூடத் தாண்டலாம். மனிதர்களைப் பார்த்து அவை அலட்டிக்கொள்ளவே இல்லை. சுண்டல் அடித்தொண்டையில் ஒரு உறுமல் உறுமினான், அவ்வளவுதான். முன்னால் வந்த பெண் எல்க் தலையை உயர்த்தி, காதுகளைப் பின்னுக்கு மடித்து, நேராக எங்களைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. அதற்கு அவன் சுண்டல் இல்லை, ஓநாய் ஜாதி. அவனை அள்ளித் தூக்கிக்கொண்டு டிரெய்லருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன். 20 கிலோ நாயை எப்படித் தூக்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. திறந்த புல்வெளியில் எனக்கு ஓட இடமிருந்தது. மூன்றடி அகல நடைபாதையில், இரண்டு பக்கமும் ஆளுயர ஃபெர்ன் புதர் இருக்கும்போது எங்கே ஓடுவது?

அடுத்து அந்த வெஸ்ட் விஷயம். நாயை சர்வீஸ் டாக் என்று பொய் சொல்லிக் கூட்டிப் போவது கலிஃபோர்னியாவில் குற்றம். 1,000 டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. யாரும் கேட்க மாட்டார்கள் என்று அந்தத் தம்பி சொன்னது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கலாம். கேட்காததற்குக் காரணம், பார்வையில்லாத ஒருவரை நிறுத்தி நிரூபணம் கேட்பது அநாகரிகம் என்று சட்டமே நினைப்பதுதான். அந்த மரியாதையில் புகுந்து நாம் ஃபெர்ன் கேன்யன் பார்க்க வேண்டுமா? பயிற்சியில்லாத நாய் ஒன்று வழிகாட்டி நாயின் மேல் ஒருமுறை பாய்ந்தால், அந்த வழிகாட்டி நாய் மிரண்டு வேலைக்கே ஆகாமல் போகக்கூடும். அப்புறம் அவருக்கு யார் கண்?

இன்னொரு விஷயம் இருக்கிறது, நடைபாதைப் பக்கமே போகாதவர்களுக்கும் சேர்த்து. அதைப் புளியோதரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டாவது பயணத்தில், மேசை மேல் தட்டை வைத்துவிட்டு ஊறுகாய் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் தட்டின் விளிம்பில் ஸ்டெல்லர்ஸ் ஜே என்கிற பறவை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கறுப்புக் கொண்டை, கருநீல உடம்பு. சோற்றைத் தொடவில்லை, வேர்க்கடலையை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது, படம்கூட எடுத்தேன். சுண்டலின் சோற்றுக் கிண்ணம் படியோரம் பாதி காலியாகக் கிடந்தது, அதில் இன்னும் இரண்டு. அந்தப் பக்கமாக வந்த ரேஞ்சர் சிரிக்கவில்லை. கிண்ணத்தை உள்ளே வையுங்கள் என்று சொல்லிவிட்டு, காரணத்தையும் பொறுமையாகச் சொன்னார்.

மார்பிள்ட் மரலெட் என்று ஒரு கடற்பறவை. நம் மைனா அளவுதான் இருக்கும். மீன் பிடிப்பது பசிபிக்கில், முட்டையிடுவது இந்தப் பழைய மரங்களின் உச்சியில். கூடு கட்டாது. பாசி படர்ந்த தடித்த கிளையில் ஒரு குழிவு, அதில் ஒரே ஒரு முட்டை. இது மரத்தில் முட்டையிடுகிறது என்பதே பல காலம் அறிவியலுக்குத் தெரியாது. 1974-இல் பிக் பேசின் பூங்காவில் மரமேறிய ஒருவர் தற்செயலாகக் குஞ்சைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஜேவும் அண்டங்காக்கையும் அந்த முட்டையைத் தின்னும். நாம் சிந்தும் சிப்ஸும் கடலையும் நாய்ச்சோறும் அவற்றைக் கேம்ப்கிரவுண்டைச் சுற்றியே தங்க வைக்கின்றன. கூட்டம் பெருகப் பெருக மேலே தேடுகிற கண்களும் பெருகுகின்றன. பழைய ரெட்வுட் காட்டில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் வெட்டுக்குத் தப்பியது, ஆகவே அந்தப் பறவைக்கு வேறு போக்கிடமும் அதிகம் இல்லை. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடுகிற குடும்பத்தில் வளர்ந்தவள் நான். பழக்கத்தில் ஒரு பிடியை அங்கேயும் வைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. நாய்க்குச் சோறு டிரெய்லருக்குள், கதவைச் சாத்திவிட்டு.

அப்படியானால் நாயோடு போகவே கூடாதா என்றால், போகலாம். நான் போகிறேனே. பிரெய்ரி கிரீக் பூங்காவில் கால் பேரல் ரோடு என்று ஒரு மண் சாலை உண்டு. பெரிய மரங்களுக்கு நடுவிலேயே ஏறிப் போகும், 6 அடிக் கயிற்றில் நாயைக் கூட்டிப் போக அனுமதி உண்டு. டிரெய்லரைக் கொண்டுபோகாதீர்கள். காலை ஏழு மணிக்கு அங்கே நடந்தால் மரத்திலிருந்து சொட்டும் பனிநீர்ச் சத்தமும் சுண்டலின் நகச்சத்தமும்தான். நடைபாதையில் இதைவிட என்ன கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வடக்கே ஜெடிடையா ஸ்மித் பூங்காவில் வாக்கர் ரோடு அதே மாதிரி. தெற்கே ஆர்கேட்டா நகரத்துக்கே சொந்தமாக ஒரு காடு இருக்கிறது, அதில் பாதைகளிலேயே நாயோடு நடக்கலாம். வெட்டி வளர்ந்த இரண்டாம் தலைமுறை மரங்கள் என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். அங்கே பழைய அடிமரக் கட்டைகளைப் பாருங்கள். ஆளுயரத்தில் வாய் பிளந்த மாதிரி வெட்டுக்குழிகள் இருக்கும். பலகையைச் செருகி, அதன் மேல் நின்று அறுத்த தடம் அது. நான் அதில் கை வைத்துப் பார்த்தேன், முழங்கை வரை போகவில்லை, மணிக்கட்டு வரை போயிற்று.

ஆறும் கடலும் பற்றி அவசரமாக ஒன்றிரண்டு. இந்தப் பக்கத்து ஆறுகளில் சால்மன் உண்டு. கரையில் கிடக்கும் செத்த மீனை நாய் தின்றால் சால்மன் நச்சு நோய் வரலாம். மீனில் இருக்கும் ஒரு தட்டைப்புழு சுமக்கிற கிருமியால் வருவது. ஒரு வாரம் ஒன்றும் தெரியாது, அப்புறம் காய்ச்சல், வாந்தி, பேதி. மருந்து கொடுத்தால் பிழைக்கும், கொடுக்காவிட்டால் பெரும்பாலும் செத்துவிடும். ஸ்மித் ஆற்றங்கரையில் சுண்டலின் வாயைப் பிளந்து ஒரு மீன் வாலை நான் பிடுங்கியிருக்கிறேன். வீடு திரும்பிய பிறகு நோய் வந்தால் பே ஏரியா மருத்துவருக்கு இது சட்டென்று தோன்றாது. நாயை எங்கே கூட்டிப் போனீர்கள் என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். கடல் இன்னும் மோசம். கிரெசென்ட் பீச்சில் நாயோடு நடக்கலாம்தான், ஆனால் இந்தக் கரையில் திடீரென்று ஒரு பெரிய அலை வந்து வாரிக்கொண்டு போகும். நாய் விழுந்ததும் பின்னாலேயே இறங்கிய மனிதர்கள் இறந்து, நாய் தானாகக் கரையேறியதும் நடந்திருக்கிறது. தனியாகப் போகிறவர்களை இழுத்துப்போடக்கூட ஆள் கிடையாது. கயிற்றை விடாதீர்கள், அலைக்கு முதுகைக் காட்டாதீர்கள்.

ஹைபீரியன் மரத்தைத் தேடிப் போகும் ஆசையும் சிலருக்கு இருக்கிறது. சுமார் 116 மீட்டர் உயரம், உலகிலேயே உயரமானது. அங்கே வழியே கிடையாது, இருந்தும் போய்ப் போய் மிதித்ததில் அடியில் ஃபெர்ன் முளைப்பதே நின்றுவிட்டது. 2022-இல் மூடிவிட்டார்கள், மீறினால் 5,000 டாலர் வரை அபராதம். அதை நாய் செய்யவில்லை, நாம்தான் செய்தோம்.

ஃபெர்ன் கேன்யனை எப்போது பார்ப்பேன் என்று கேட்டால், அடுத்த முறை என் தங்கை கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் ஏமாற்றினால் யுரேகா பக்கம் பகலில் நாயைப் பார்த்துக்கொள்ளும் இடம் எதையாவது முன்பதிவு செய்வேன்.

நவம்பர் முதல் வாரம் எல்க் பிரெய்ரியில் இருப்பேன். வெள்ளை நிற டிரெய்லர், பக்கத்தில் பழுப்பு நாய். இன்னமும் பின்னால் எடுத்து நிறுத்துவது எனக்குத் தகராறுதான். ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்தால் கை போகிற பக்கம் டிரெய்லரின் வாலும் போகும் என்று தெரியும், ஆனால் அந்த நேரத்தில் கை வேறு பக்கம் போய்விடுகிறது. தென்பட்டால் பின்னால் நின்று கொஞ்சம் கை காட்டுங்கள். புளியோதரை தருகிறேன், உள்ளே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

அன்புடன்,
சுண்டலின் அக்கா