நியூட்ரானின் நிறை சொன்ன மோதல் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மேல்நிலை வகுப்பு இயற்பியல் மனப்பாடப் பாடமாகிவருவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வகுப்பில் நாள்தோறும் காண்பதுதான் அது. மோதும் பொருள்களின் மொத்த இயக்க ஆற்றல் குறையாத மீட்சி மோதலையே எடுத்துக்கொள்ளுங்கள். மோதலுக்குப் பிந்தைய திசைவேகங்களுக்கான சமன்பாட்டைத் தருவிக்கச் சொன்னால் பிள்ளைகள் பிசிறில்லாமல் எழுதிவிடுகிறார்கள். அதை வைத்து என்ன கண்டுபிடிக்கலாம் என்று கேட்டால், கேரம் காயைத் தாண்டிப் பதில் வருவதில்லை.

நியூட்ரானைக் கண்டுபிடித்ததே இந்தக் கணக்குதான். பொலோனியத்தின் ஆல்பா துகள் பெரிலியத்தைத் தாக்கும்போது மின்னூட்டமில்லாத ஏதோ ஒன்று வெளிவருகிறது. அது பாரஃபின் மெழுகிலிருந்து புரோட்டான்களை, அதாவது ஹைட்ரஜன் அணுக்கருக்களை, தெறிக்கவிடுகிறது. பாரிஸில் ஜோலியோ-கியூரி தம்பதியர் அதைக் காமா கதிர் என்று கொண்டார்கள். கேம்பிரிட்ஜில் இயற்பியலாளர் ஜேம்ஸ் சாட்விக்குக்கு அது பொருந்திவரவில்லை. புரோட்டானை வைத்துக் கணக்கிட்டால் அந்தக் கதிருக்குச் சுமார் 50 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அதே கதிர் தெறிக்கவிடும் நைட்ரஜன் அணுக்கருவை வைத்துக் கணக்கிட்டால் 90 மில்லியன் வரை போகிறது. ஒரே கதிருக்கு இரண்டு ஆற்றலா? மோதலில் மொத்த உந்தமும் (நிறை × திசைவேகம்) ஆற்றலும் மாறாது என்பதைக் கைவிட்டால்தான் காமா கதிர் விளக்கம் நிற்கும் என்று 1932 பிப்ரவரியில் எழுதினார்.

அடுத்ததுதான் பிள்ளைகள் கையாலேயே போட வேண்டிய கணக்கு. நேருக்கு நேர் மீட்சி மோதலில், நின்றிருந்த அணுக்கரு பெறும் வேகம், வந்த துகளின் உந்தத்தைப் போல் இருமடங்கை இரண்டு நிறைகளின் கூடுதலால் வகுத்தால் கிடைக்கும். வந்த துகளின் நிறையும் தெரியாது, வேகமும் தெரியாது. ஆனால் ஹைட்ரஜனுக்கு ஒருமுறை, நைட்ரஜனுக்கு ஒருமுறை எழுதி வகுத்தால் தெரியாத அந்த வேகம் அடிபட்டுப்போகும். புரோட்டானின் உச்ச வேகம் வினாடிக்கு 33,000 கி.மீ.; நைட்ரஜனுக்கு 4,700 கி.மீ. (இது சக ஆய்வாளர் ஃபெதர், துகள்களின் தடத்தைக் காட்டும் முகில் கலத்தில் எடுத்த அளவு). ஹைட்ரஜனின் நிறை 1, நைட்ரஜனின் நிறை 14 என்று கொண்டால்,

(நிறை + 14) ÷ (நிறை + 1) = 33,000 ÷ 4,700

விடை சுமார் 1.16. கண்ணுக்குத் தெரியாத துகளின் நிறை ஏறக்குறைய புரோட்டானின் நிறைதான்! நைட்ரஜன் வேகத்தில் 10 சதவீதம் பிழை இருக்கலாம் என்று சாட்விக்கே சொல்லியிருக்கிறார். இன்றைய மதிப்பு அணு நிறை அலகில் 1.0087.

மோதலைப் பிளஸ் ஒன்னிலும் நியூட்ரானைப் பிளஸ் டூவிலும் தனித்தனியே நடத்திவிட்டுப் போகிறோம். வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தருவிக்கச் சொல்லும் கேள்விக்குப் பதிலாக ஒருமுறையாவது இந்த இரண்டு வேகங்களைக் கொடுத்து, துகளின் நிறையைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியை,
தஞ்சாவூர்.