உன் படங்கள் வந்தன

அம்மாடி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ அனுப்பிய லிட்டில் மோர்ட்டன் ஹால் என்ற அந்த இங்கிலாந்துப் பழைய மர மாளிகையின் படங்களைப் பட்டறையில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூட வந்த புத்தகத்தைப் பக்கத்து வீட்டுத் தம்பி படித்து அர்த்தம் சொன்னான். ஒரு படத்திலும் மாப்பிள்ளை இல்லை. அவர்தான் எடுத்திருப்பார் என்கிறாள் அம்மா. சரி. ஆனால் நீ இருக்கிற படமும் ஒன்றுகூட இல்லையே. அந்தக் குளிரில் தனியாகவா போனாய்? ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதானே போனாய்?

முற்றத்து ஜன்னலைத்தான் முதலில் அனுப்பியிருக்கிறாய். தச்சன் மகள் கண் எங்கே போகும்! வில்லியம் மோர்ட்டன் 1559இல் செய்வித்தது என்று மரத்திலேயே செதுக்கி, அதோடு ரிச்சர்ட் டேல் என்ற தச்சர் கடவுள் அருளால் இதைச் செய்தார் என்றும் செதுக்கியிருக்கிறது. வீட்டுக்காரர் பெயரோடு தச்சர் பெயர்! நான் எத்தனையோ வீட்டுக்கு வாசக்கால் நிறுத்தினேன், ஒன்றிலும் என் பெயர் கிடையாது. அதைப் படித்துக் கேட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உடனே உனக்குப் போன் போட்டேன். நீ எடுக்கவில்லை.

சுவர் ஏன் இப்படிக் கோணிக்கொண்டிருக்கிறது என்று கேட்டிருந்தாய். அங்கே ஓக் மரத்தை வெட்டிய பச்சையிலேயே வேலை செய்துவிடுவார்கள். காய்ந்துவிட்டால் உளி ஏறாது, அவ்வளவு கெட்டி. சட்டத்தை நிறுத்திய பிறகுதான் மரம் காயும், சுருங்கும், முறுக்கும். ஆனாலும் விட்டுப்போகாது. ஏனென்றால் ஒரு மரத்தின் முனையில் நாக்கு மாதிரி செதுக்கிய கழுந்தை அடுத்த மரத்தின் துளைக்குள் செருகிவிட்டு, குறுக்கே மர ஆணிதான் அடிப்பார்கள். ஆணிக்கான ஓட்டையை இரண்டு மரத்திலும் நேருக்கு நேர் போடாமல் ஒரு நூல் தள்ளிப் போடுவார்கள். ஆணி இறங்க இறங்க இணைப்பு தானாக இறுகும். உன் படத்தில் ஆணித் தலைகள் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன பார். அதைத் தடவிப் பார்த்தாயா? நானாக இருந்தால் அங்கேயே நின்றிருப்பேன்.

சட்டங்களுக்கு நடுவில் குச்சி பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்துப் பூசியது. இந்தக் கறுப்பு வெள்ளைப் பூச்செல்லாம் பெரும்பாலும் விக்டோரியா ராணி காலத்து மோகம். அதற்கு முன்னால் பல வீடுகளில் மரத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். வெள்ளி மாதிரி வெளுத்து நிற்கும். எனக்கு அதுதான் பிடித்திருக்கும்.

ஆனால் உச்சியில் இருக்கிற அந்த நீளக் கூடம் எனக்குச் சரியாகப் படவில்லை. 68 அடி நீளம், 12 அடி அகலம். மழை நாளில் உள்ளேயே நடந்து விளையாட. தெற்குப் பக்கம் கட்டும்போது பிறகு நினைத்துக்கொண்டு ஏற்றியது போலிருக்கிறது. அதற்கு மேல் கற்பலகைக் கூரை வேறு! பாரம் தாங்காமல் கீழே எல்லாம் பிதுங்கிப்போய், பிற்காலத்தில் இரும்பு கொடுத்துப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். மேலே ஏற்றுகிறவர்கள் கீழே இருக்கிற தூணை ஒரு வார்த்தை கேட்பதில்லை. நீயும் எல்லாவற்றையும் என்னால் முடியும் என்று சுமந்துகொள்ளாதே. ஆபீஸ் வேலையைத்தான் சொல்கிறேன்.

மோர்ட்டன் குடும்பம் இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்று நொடித்துப்போனது. அப்புறம் அந்த மாளிகை குத்தகைக்காரர்களின் பண்ணைவீடாகத் தலைமுறை தலைமுறையாகக் கிடந்தது. 1938இல், பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். உழுகிறவர்கள் குடியிருந்ததால்தான் இடித்துப் புதுசாகக் கட்டாமல் தப்பியது என்று எனக்குத் தோன்றுகிறது. புதுப் பணக்காரன் கையில் கிடைத்திருந்தால் ஒரு சட்டம் மிஞ்சியிருக்காது.

அடுத்த முறை போனால் தூணின் அடியை எடுத்து அனுப்பு. கீழ்ச்சட்டத்தைக் கல்மேல் எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஓக் எதையும் தாங்கும், ஈரத்தைத்தான் தாங்காது. மரத்தில் எண் மாதிரி கீறல் இருக்கிறதா என்றும் பார். தரையில் சேர்த்துப் பார்த்துக் கழற்றி மறுபடி நிறுத்துவதற்காகத் தச்சர்கள் போடுவது.

ராத்திரி ஹீட்டர் போட்டுக்கொள். காசு பார்க்காதே. படம் அனுப்ப நேரம் இருக்கிறது, அம்மாவோடு ரெண்டு நிமிஷம் பேச நேரம் இல்லையா? நான் ஒன்றும் கேட்க மாட்டேன். அம்மாவையும் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு. ஹீட்டர் போட்டுக்கொள்.

உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். வந்து போக டிக்கெட்டுக்கு ஆகும். வர மட்டும் போதும் என்றாலும் சரிதான். மாடி அறையைச் சுத்தம் செய்து, ஜன்னல் கொக்கியை மாற்றிவிட்டேன்.

அப்பா