ஊர்ப் பெயரையாவது போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘எத்தனை சட்டம் போட்டாலும் பெற்றோர் கண்காணிப்பே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு’ என்று, செல்போன் வழியாகப் பிள்ளைகளுக்கு நடக்கும் கொடுமைகள் பற்றிய ஞாயிறு தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எங்கள் பக்கம் நடவு நேரத்தில் விடிகாலையிலேயே அம்மாமார் வயலுக்குப் போய்விடுவார்கள். அப்பா திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். செல்போன் வீட்டுக்கு வந்ததே கொரோனா காலத்தில், ஆன்லைன் வகுப்புக்காக. வாங்கித் தரச் சொன்னது பள்ளிக்கூடம். யார் உட்கார்ந்து கண்காணிப்பது?

மாரியம்மன் கோயில் திருவிழாவில் பச்சைத் தாவணியோடு என் அண்ணன் மகள் எடுத்துக்கொண்ட படம். எவனோ ஒருவன் அந்த முகத்தை வேறு உடம்பில் ஒட்டி, அவளுக்கே அனுப்பிப் பணம் கேட்டான். காவல் நிலையத்துக்கு ஓடினோம். ‘பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா போனு?’ என்பதுதான் முதல் கேள்வி. சீருடையில் இருந்தவர்கள் படத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். பிள்ளை சுவரோரம் ஒண்டி நின்றாள். கடைசியில், ‘அழிச்சிட்டு நம்பரை மாத்திக்கங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் படம்தானே ஐயா சாட்சியம்!

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. பிள்ளைகளின் ஆபாசப் படம் கணினியில் மாற்றியதாக இருந்தாலும் குற்றம்தான் என்று, பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தை 2019இலேயே திருத்திவிட்டார்கள். பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, புகாரைப் பதியாவிட்டால் 6 மாதம் வரை சிறை என்றெல்லாம் அதில் இருக்கிறது. பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டி 2025 ஜனவரியில் நம் சட்டமன்றமும் திருத்தம் கொண்டுவந்தது. சரி, பதிய மறுத்த ஒருவராவது தண்டிக்கப்பட்டாரா என்று யார் கேட்பது? நீங்கள் கேட்டிருக்கலாம். தாய்மாரைத்தான் கேட்டீர்கள்.

அப்புறம் இன்னொன்று. சென்ற ஆண்டு இதே போன்ற செய்தியில் பிள்ளையின் பெயரை மட்டும் மறைத்துவிட்டு ஊர், தெரு, படிக்கும் வகுப்பு, தகப்பனார் செய்யும் தொழில் எல்லாம் போட்டிருந்தீர்கள். எங்கள் ஊர்களில் அது போதும், பொழுது சாய்வதற்குள் வீட்டையே காட்டிவிடுவார்கள். குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் எதுவும் வெளியே தெரியக் கூடாது என்கிறது போக்சோ 23ஆம் பிரிவு. அப்போதே கடிதம் போட்டேன், வெளிவரவில்லை.

அதனால் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட செய்திகளில் ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த இடத்தில் சைபர் குற்றங்களுக்கான 1930, குழந்தைகள் உதவிக்கான 1098 இரண்டையும் போடுங்கள். ‘படத்தை அழிக்காதீர்கள்’ என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அத்தை,
திருவாரூர் மாவட்டம்