வாலிபால் கம்பத்தைப் பிடுங்குமுன் சேகரக் கமிட்டிக்கு ஒரு மடல்

நம் திருச்சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டி ஐயாமாருக்கும் குருவானவருக்கும், ஸ்தோத்திரம்.

கோவிலுக்குப் பின்னால் இருக்கிற வாலிபால் கம்பங்களைப் பிடுங்கிவிட்டு, கார் நிறுத்த சிமெண்ட் தளம் போடப்போகிறீர்களாம். நானும் அந்த மண்ணில் முட்டி தேய்த்தவன்தான், இப்போது சாயங்காலம் பையன்களுக்கு சர்வீஸ் போடச் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் கொஞ்சம் சூடாகவே எழுதுவேன்.

விளையாட்டு உலகக் காரியம், கோவில் வளாகத்தில் எதற்கு என்று ஒரு அண்ணாச்சி கேட்டாராம். அந்த வாலிபாலே ஊழியக்காரர் வீட்டுப் பிள்ளை, அண்ணாச்சி! 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் ஊரில், பாஸ்கெட்பால் ஆடினால் மூச்சு வாங்குகிற நடுவயதுக்காரர்களுக்காக ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் வில்லியம் மோர்கன் உண்டாக்கினது. பாஸ்கெட்பாலும் ஒய்.எம்.சி.ஏ. சரக்குதான், 1891இல் அதை உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித் இறையியல் படித்தவர். அவ்வளவு தூரம் எதற்கு, சென்னை நந்தனத்தில் இருக்கிற உடற்கல்விக் கல்லூரி 1920இல் ஹாரி க்ரோ பக் என்ற ஒய்.எம்.சி.ஏ.காரர் தொடங்கியது. அங்கே படித்துவிட்டு விசிலோடு ஊர் ஊராகப் போன பி.டி. வாத்தியார்கள் எத்தனை பேர்.

ஞாயிற்றுக்கிழமை விளையாடலாமா என்றால் உடனே ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடிலைச் சொல்வீர்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில், தகுதி ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை என்பதால் 100 மீட்டர் ஓட மறுத்தவர். சரி, நல்ல உதாரணம். (அதே ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் மேலாளராகப் போனவர் நம்ம பக். இதைப் பிரசங்கத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.) ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறீர்களே. அவர் 400 மீட்டரில் 47.6 நொடியில் தங்கம் வாங்கி, மறுவருஷமே மிஷனரியாகச் சீனா போனார். போர்க்காலத்தில் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள், அங்கே தாய் தகப்பனைப் பிரிந்து கிடந்த பிள்ளைகளுக்கு பாடமும் விளையாட்டும் சொல்லிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை நடுவர் இல்லாமல் ஹாக்கி ஆடிப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள் என்று தெரிந்ததும், நடுவராக அவரே போய் நின்றார். 1945இல் அந்த முகாமிலேயே இறந்தார். நாங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்கவே இல்லை, மற்ற ஆறு சாயங்காலம் போதும்.

அப்புறம் வாலிபர் ஐக்கியத்துத் தம்பிமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிஷம் பிரசங்கம், கையில் ஒரு கைப்பிரதி, அப்படியென்றால் கமிட்டி சம்மதிக்கும் என்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. வருகிற பதினாலு பேரில் ஆறு பேர் நம் சபையைச் சேராத வீட்டுப் பிள்ளைகள், அவர்கள் பந்தடிக்க வருகிறார்கள், பந்தைத் தூண்டில் முள்ளில் குத்திக் காட்டாதீர்கள். நாம் எப்படிப்பட்டவர்கள் என்பதை அவர்கள் ஆட்டத்திலேயே பார்த்துக்கொள்வார்கள். போன கிறிஸ்துமஸ் போட்டியில் ஒரு லைன் பாலுக்காக அம்பயர் சட்டையைப் பிடிக்கப் போனது நம் சபை அணிதான், அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கார் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரியே வலையை நாங்கள் கழற்றிவிடுகிறோம், ஆராதனைக்கு வருகிறவர்கள் மண்தரையிலேயே நிறுத்தட்டும், டயர் தடத்தைத் திங்கட்கிழமை நாங்களே தண்ணீர் தெளித்துச் சமப்படுத்திக்கொள்கிறோம். சிமெண்டுக்கு ஆர்டர் கொடுக்குமுன் அடுத்த கூட்டத்தில் எங்களில் இரண்டு பேருக்குப் பேச நேரம் கொடுங்கள்.

இப்படிக்கு,
சாயங்காலம் விசில் ஊதுகிறவன்