பூச்சி இருந்தால் சீனி வராதாம்!
சுகாதார வைத்திய அதிகாரி அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் மறுநாளே விளக்கம் கேட்டு யாராவது என் பாடசாலை வாசலில் வந்து நிற்பார்கள். உங்களுக்குத் தோட்டம் தெரியும். போன மாதம் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரைக்குப் பக்கத்து மண்டபத்தில் நடந்த கூட்டமும் தெரிந்திருக்கும். நீங்கள் வரவில்லை. உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார்.

பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, இந்த வருடம் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை இன்னும் கொடுக்கவில்லையே, எப்போது வரும் என்று கேட்டார். கேட்டது அவ்வளவுதான். வந்தவர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, "இப்போது புது ஆராய்ச்சி வந்திருக்கிறது அம்மா. வயிற்றில் பூச்சி இருந்தால் சீனி வியாதி வராதாம். பூச்சியைக் கொன்றுவிட்டுச் சீனியை வாங்கிக்கொள்ளப் போகிறீர்களா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். என் அம்மாவும் சிரித்தார். மேலே இருப்பவர் சிரித்தால் கீழே இருப்பவரும் சிரிப்பது, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் மூன்று தலைமுறையாகப் பழகிய பழக்கம். அம்மாவுக்குச் சீனி வந்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். அன்றிரவே அவர் சொன்ன ஆராய்ச்சிகளைத் தேடி வாசித்தேன். அவர் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் இந்த மடலுக்கே தேவை இருந்திருக்காது. பாதி உண்மை என்பதுதான் எரிச்சல்.

புழுவுக்குக் குடலில் குடியிருக்க வேண்டும். அதற்காக உடலின் எதிர்ப்பை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்து வைக்கிறது. அந்தத் தணிப்பு குடலோடு நிற்பதில்லை. கொழுப்புத் திசுவில் உள்ள அழற்சியும் அதனால் குறைகிறது, இன்சுலின் சொல்வதை உடல் சற்று நன்றாகக் கேட்கிறது. எலிகளில் இதை 2011இல் காட்டினார்கள். அதற்கு முந்தைய வருடம் சென்னையில் செய்த ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களிடம் யானைக்கால் புழுவின் தொற்று மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் ஊர்ச்சனங்களுக்குப் பூச்சி மருந்து கொடுத்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். பூச்சி இருந்தது உறுதியானவர்களிடம் மருந்துக்குப் பிறகு இன்சுலின் எதிர்ப்பு சற்றுக் கூடியது. உங்கள் அலுவலர் எங்கோ காதில் வாங்கியது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஊர் முழுவதையும் சேர்த்துப் பார்த்தபோது வித்தியாசம் தெரியவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அந்த வரி மட்டும் அவர் காதுக்கு எட்டவில்லை.

இன்னொன்று ஆஸ்திரேலியாவில் நடந்தது, 2023இல் வெளிவந்தது. உடல் பருத்தவர்கள், ஆனால் நீரிழிவு இன்னும் வராதவர்கள். தாங்களாக முன்வந்து கையெழுத்துப் போட்டவர்கள். குடலில் இரத்தம் குடிக்கும் கொழுக்கிப்புழுவின் குடம்பிகளை, அதாவது குஞ்சுப் புழுக்களை, ஒருவருக்கு 20, இன்னொருவருக்கு 40 என்று எண்ணித் தோலில் வைத்தார்கள். இரண்டு வருடம் வைத்தியர்கள் கண்காணித்தார்கள். இருபது பெற்றவர்களிடம் ஒரு வருட முடிவில் இன்சுலின் எதிர்ப்பு குறைந்திருந்தது. சிலருக்கு வயிற்றுக் கோளாறும் வந்தது.

ஐயா, எங்கள் தாய்மாருக்கு யார் எண்ணி வைத்தார்கள்? எந்தத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள்?

எண்ணுவதற்கு ஆளில்லாத இடம் எது என்று உங்களுக்குத் தெரியும். மலையில் கக்கூஸ் கிடையாது. காலையில் கொழுந்துக்கு ஏறினால் பகல் நிறுவைக்குத்தான் கீழே இறங்க முடியும். இடையில் அவசரம் வந்தால் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செடிக்கு நடுவே உட்கார வேண்டியதுதான். மரநிழல், ஈர மண், இளஞ்சூடு: கொழுக்கிப்புழுவின் முட்டை பொரிக்க வேறென்ன வேண்டும்? உயரம் கூடிக் குளிரும் கூடினால் இந்தப் புழு குறையும் என்பார்கள். எங்கள் தோட்டம் அந்த உயரத்தில் இல்லை. ஒரு வாரம், பத்து நாளில் குடம்பி தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். அதே நிரையில் அடுத்த சுற்றுக் கொழுந்துக்கு வருகிறவளின் பாதம் அதற்குக் கிடைக்கும். விரல் இடுக்கில் இரண்டு நாள் அரிக்கும். அட்டைக்கடி என்று சொல்லிச் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டு மறுநாளும் மலைக்குப் போவார்கள்.

ஒரு கொழுக்கிப்புழு நாளுக்குக் குடிக்கும் இரத்தம் ஏறக்குறைய 0.03 மில்லிலீட்டர். கேட்டால் ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். நூறு புழு இருந்தால் நாளுக்கு 3 மில்லிலீட்டர், மாதத்துக்கு 90. கோதுமை மா ரொட்டியும் சாயத் தண்ணீரும் சாப்பிட்டு அந்த இரத்தத்தை எங்கிருந்து திரும்ப ஊற வைப்பது?

இனி அம்மாவின் கதைக்கு வருகிறேன். கிளினிக் நாளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வாயில் எதுவும் வைப்பதில்லை. வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டுமே. விடிய நான்கு மணிக்கு எழுந்து எல்லாருக்கும் தேநீர் ஊற்றுவார், தனக்கு மட்டும் ஊற்றிக்கொள்ள மாட்டார். ஐந்தே காலுக்கு முதல் பஸ். அதைத் தவறவிட்டால் அடுத்தது ஏழரைக்கு, அதில் போனால் இலக்கம் கிடைக்காது. டவுன் ஆஸ்பத்திரியில் வரிசை வெளிக்கதவு வரை நிற்கும். கடைசியாகப் போன தடவை அவருக்கு 83ஆம் இலக்கம். பத்தரை மணிக்குத் தலை சுற்றி வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பக்கத்திலிருந்த பெண் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினாராம். அம்மா அதை வாங்கிக் கைக்குள் பொத்தி வைத்திருந்தார், சாப்பிடவில்லை. சாப்பிட்டால் பரிசோதனை கெட்டுவிடும் என்ற பயம். பதினொன்றே காலுக்கு முறை வந்தது. பரிசோதனைக்கான மருந்து முடிந்துவிட்டது, அடுத்த செவ்வாய் வாருங்கள் என்று துண்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போனது. வீட்டுக்கு வந்து கையைத் திறந்தபோது பிஸ்கட் தூளாகியிருந்தது. அதைத்தான் முதலில் சாப்பிட்டார்.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அங்கே இருப்பவர்களும் மனிதர்கள்தான், அவர்களுக்கும் மேலிருந்து வந்தால்தான் உண்டு.

அடுத்த செவ்வாய் மீண்டும் போனார். சீனி கூட, ஹீமோகுளோபின் குறைய. உடம்பு ஒன்று, இரண்டும் அதிலேயே. மலப் பரிசோதனையில் கொழுக்கிப்புழு முட்டையும் இருந்தது. பூச்சி காவல் காத்த இலட்சணம் இது. போதாததற்கு, மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை இருக்கிறதே, இரும்புச் சத்துக் குறைந்தவர்களிடம் அது உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். எனவே மலையகத்துப் பெண்ணுக்குச் சீனி பார்ப்பதென்றால் இரத்தச்சோகையையும் சேர்த்துப் பார்த்தே ஆக வேண்டும். ஆகவேதான் கேட்கிறேன்: பூச்சி மாத்திரையோடு தோட்டத்துக்கு வாருங்கள், வருகிற அன்றே வெறும் வயிற்றுச் சீனியையும் ஹீமோகுளோபினையும் பாருங்கள். காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்களத்தில் ஒரு மேசை போட்டால் போதும். பேரும் போகாது, பஸ்ஸும் வேண்டாம்.

இந்தக் கதை இன்றைக்குத் தொடங்கியதும் அல்ல. 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆட்கள் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்து கொழுக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். மருந்து மட்டும் போதாது, கக்கூஸ் கட்டாவிட்டால் புழு திரும்பி வரும் என்று அவர்களே கண்டுகொண்டார்கள். துரைமாருக்குச் செலவு கசந்தது. நூறு வருடத்துக்கு மேல் போய்விட்டது. துரை மாறினார், கம்பனி மாறியது, கொடி மாறியது. லயன் வீட்டு வரிசையின் கோடியில் ஆறு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ், மலையில் அதுவும் இல்லை. தேர்தல் வந்தால் அடிக்கல் நாட்டக் கல் வருகிறது. அந்தக் கல்லையாவது விட்டுவிட்டுப் போங்கள், நாங்களே குழி வெட்டி மேலே வைத்துக்கொள்கிறோம் என்று ஒரு பெரியவர் சொன்னார். மன்னிக்க வேண்டும் ஐயா, கக்கூஸ் கட்டுவது உங்கள் வேலை அல்ல என்பது தெரியும். ஆனால் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவுறுத்தும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. நாங்கள் எழுதினால் அது முறைப்பாடு, நீங்கள் எழுதினால்தான் அது கடிதம்.

சீனியைப் பற்றி உண்மையிலேயே கவலைப்படுகிறவர் என்றால் உங்கள் அலுவலர் இன்னொன்றையும் யோசித்திருக்கலாம். கர்ப்பிணித் தாயின் இரத்தம் வற்றினால் பிள்ளை எடை குறைந்து பிறக்கக்கூடும். எடை குறைந்து பிறந்த பிள்ளைக்குப் பெரியவனானதும் நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதல். முதல் மூன்று மாதம் கடந்த கர்ப்பிணிகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்க இந்த நாடு 1994இலேயே தொடங்கிவிட்டது. இங்கே செய்த ஆய்வு 1999இல் லான்செட் சஞ்சிகையில் வந்தது. மருந்து எடுத்த தாய்மாரிடம் மிகக் குறைந்த எடையோடு பிறந்த பிள்ளைகள் குறைவு என்று அது சொன்னது. வெளிநாட்டு எலியின் கதை மண்டபம் வரை வந்து சேர்ந்தது, நம் வீட்டுத் தாயின் கதை வரவில்லை.

தொற்று 20 சதவீதத்தைத் தாண்டினால் வருடத்துக்கு ஒரு தடவை, 50 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டு தடவை மாத்திரை கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். எங்கள் தோட்டம் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்கவாவது ஒருவர் வர வேண்டும். வரும்போது பூச்சி மாத்திரைகளில் அல்பெண்டசோல் கொண்டுவர முடிந்தால் நல்லது. கொழுக்கிப்புழுவுக்கு ஒற்றை மாத்திரை மெபெண்டசோல் அவ்வளவாகக் கேட்பதில்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

புழுவிலிருந்து நாளை சீனிக்கு ஒரு மருந்து பிறக்கலாம். பிறந்தால் சந்தோஷம். அதைப் போத்தலில் அடைத்து, அளவு எழுதி, மற்றவர்களுக்குக் கொடுப்பது போலவே எங்களுக்கும் கொடுங்கள். அதுவரை எங்கள் வயிற்றைப் பண்ணையாக வைத்திருக்க வேண்டாம்.

கோபத்தில் எங்காவது வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்பது முன்பு கேட்டதுதான்: இந்தத் தவணை முடிவதற்குள் பூச்சி மாத்திரையோடு தோட்டத்துக்கு வாருங்கள், அன்றே பெரியவர்களின் சீனியையும் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். மேசையும் நாற்காலியும் பாடசாலையிலிருந்து நானே தூக்கி வருகிறேன். முதல் நாள் இரவே லயன் லயனாகப் போய், காலையில் சாயத் தண்ணீர் குடிக்காமல் வரச் சொல்வதும் என் பொறுப்பு.

அம்மாவுக்கு அடுத்த கிளினிக் வரும் செவ்வாய். ஐந்தே கால் பஸ்ஸில் போவார்.

இப்படிக்கு,
பணிவுடன்,
தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்