அரைவலும் டிபார்ச்சரும்

அன்புள்ள செல்வராஜுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள். உனக்கு அதில்தான் சோம்பல். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

சரி, பேத்தி கேட்ட கேள்விக்கு வருகிறேன். 'அரைவ்' என்ற வினைக்குப் பெயர்ச்சொல் 'அரைவல்' என்றால், 'டிபார்ட்' ஏன் 'டிபார்ட்டல்' ஆகாமல் 'டிபார்ச்சர்' ஆகிறது? ரயில்வேயில் இத்தனை வருஷம் அந்த போர்டின் கீழேயே நின்ற உனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியிருக்கிறது பார்! இரண்டுமே பிரெஞ்சு வழியாக வந்தவைதான். ஆளுக்கொரு விகுதியைப் பிடித்துக்கொண்டன, அவ்வளவுதான். இந்த மாதிரி இடத்தில் காரணம் தேடாமல் மனப்பாடம் செய்யச் சொல்.

ஆனால் எல்லாமே அப்படியில்லை. ஆங்கிலத்தின் சொந்தச் சொற்கள் ஒரு குடும்பம். 1066இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு, லத்தீன் வழியாகக் குவிந்தவை இன்னொரு குடும்பம். முதல் குடும்பத்தில் 'வார்ம்' 'வார்ம்த்' ஆகும், 'லாங்' 'லெங்த்' ஆகும், 'டீப்' 'டெப்த்' ஆகும். இந்த 'த்' இப்போது புதிதாக எதோடும் சேர்வதில்லை. 'நெஸ்' இன்னும் உயிரோடு இருக்கிறது. ஏறக்குறைய எந்தப் பெயரடையோடும் கூசாமல் போய் ஒட்டிக்கொள்ளும். வந்தேறிய குடும்பத்தில்தான் ஒழுங்கு அதிகம். 'சீவ்' என்று முடிந்தால் 'செப்ஷன்': ரிசீவ் ரிசெப்ஷன், டிசீவ் டிசெப்ஷன், பர்சீவ் பர்செப்ஷன். 'ஃபை' என்று முடிந்தால் பெரும்பாலும் 'ஃபிகேஷன்': நோட்டிஃபை நோட்டிஃபிகேஷன். 'சாட்டிஸ்ஃபை' மாதிரி ஒன்றிரண்டு முரண்டு பிடிக்கும். ஜோடி ஜோடியாக எழுதிப் பார்க்கட்டும்.

'சிங்' 'சாங்' ஆவதைத் தமிழ் வழியே சொல்லிக் கொடு. நம் தமிழய்யா நடத்தினாரே, கெடு கேடு, சுடு சூடு என்று முதனிலை திரிந்த தொழிற்பெயர், அதே சங்கதிதான். 'ரெக்கார்ட்' இன்னும் வேடிக்கை. எழுத்து மாறாது, முன்பாதியை அழுத்தினால் பெயர், பின்பாதியை அழுத்தி 'ரிக்கார்ட்' என்றால் வினை.

அப்புறம் ஒன்று. பெயராக்கத் தெரிந்ததும் பிள்ளைகள் அதையே எங்கும் போட ஆரம்பிப்பார்கள். 'டிசைடட்' என்று ஒரே சொல்லில் முடிவதை 'டுக் எ டிசிஷன்' என்று இழுப்பார்கள். இழுவையாவது போகட்டும், செய்கிற ஆளே காணாமல் போய்விடுகிறாரே, அதுதான் எனக்கு எரிச்சல். என் நிலுவைத் தொகை விஷயமாக ஓர் அலுவலகத்திலிருந்து பதில் வந்திருக்கிறது: 'யுவர் ரிக்வெஸ்ட் இஸ் அண்டர் கன்சிடரேஷன்.' கன்சிடர் செய்கிறவர் யார்? எப்போது செய்து முடிப்பார்? நேராக வினை போட்டு எழுதினால் எழுவாய் ஒன்று வேண்டும். எழுவாய் வந்துவிட்டால் போய்க் கேட்க ஓர் ஆள் கிடைத்துவிடுவாரே! தமிழில் எழுதியிருந்தாலும் 'பரிசீலனையில் உள்ளது' என்றுதான் வந்திருக்கும், அது வேறு விஷயம்.

அரையாண்டு லீவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா. உன் ரயில் பாஸ் சும்மாதானே கிடக்கிறது? மிச்ச ஜோடிகளை நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
மாணிக்கம்